சோயா விதைக்குள் கந்தகம்: தாண்டிக்குடிப் பக்கம் ஒரு பாத்திச் சோதனையின் செய்முறை

சோயாவுக்குக் கந்தகம் போட்டால் விளைச்சல் எவ்வளவு கூடும் என்பதுதான் வழக்கமான கேள்வி. இந்தச் சோதனை அதற்காகப் போட்டதல்ல. இரண்டு பாத்திகளின் விதையிலும் புரதம் 40 சதவீதம் என்றே ஆய்வுச் சீட்டு சொல்லலாம். ஆனால் ஒன்றின் புரதம் மற்றதைவிட மட்டமாக இருக்க முடியும். தராசு அதைக் காட்டாது. கெல்டால் முறையில் தழைச்சத்தை அளந்து 6.25ஆல் பெருக்கும் கணக்கும் காட்டாது. எந்தப் புரதம் எவ்வளவு என்று பார்த்தால்தான் தெரியும்.

சோயா விதையில் சேமிப்புப் புரதங்கள் முக்கியமாக இரண்டு. ஒன்று கிளைசினின், 11எஸ் என்பார்கள். மற்றது பீட்டா-கான்கிளைசினின், 7எஸ். விதைப் புரதத்தில் ஏறக்குறைய 70 சதவீதம் இவை இரண்டும்தான். மெத்தியோனைன், சிஸ்டீன் ஆகிய கந்தக அமினோ அமிலங்கள் 11எஸ்ஸில் கூடுதல், 7எஸ்ஸில் குறைவு. 7எஸ்ஸின் மூன்று துணை அலகுகளில் பீட்டா என்பதில் இந்த இரண்டும் இல்லை என்றே சொல்லலாம். செடிக்குக் கந்தகம் தட்டுப்பட்டால் விதை நிரம்புவதை நிறுத்திக்கொள்வதில்லை. கந்தகமே தேவைப்படாத பீட்டா அலகைக் கூடுதலாகக் கட்டி இடத்தை நிரப்பிவிடும். சிஸ்டீன் செய்யக் காத்திருக்கும் ஓ-அசிட்டைல் செரின் என்ற பொருள், துணைக்குச் சல்பைடு வராததால் திசுவில் தேங்கும். அந்தத் தேக்கமே பீட்டா அலகின் மரபணுவைத் தூண்டிவிடுகிறது. ஊட்டச்சத்துக் குறை சோயாவின் சேமிப்புப் புரதங்களை இப்படி மாற்றுவதை 1985-இலேயே கெய்லரும் சைக்ஸும் எழுதிவிட்டார்கள்.

சோயாவில் குறைபடும் அமினோ அமிலங்கள் மெத்தியோனைனும் சிஸ்டீனும்தான். கோழித் தீவனத்தில் சோயாப் பிண்ணாக்கோடு மெத்தியோனைனைத் தனியாகக் காசு கொடுத்து வாங்கிச் சேர்ப்பதும் இதனால்தான். வீட்டில் அரிசியும் சோயாவும் சேர்ந்து வெந்தால் அரிசியின் மெத்தியோனைனும் சோயாவின் லைசினும் ஒன்றுக்கொன்று ஈடுகட்டிக்கொள்ளும்.

இடம்

சோயா பழனி மலையின் பயிர் அல்ல. தாண்டிக்குடி, பண்ணைக்காடு, பெரும்பாறைப் பக்கம் காப்பி, மிளகு, வாழை, ஆரஞ்சு, அவரை, பீன்ஸ்தான் கண்ணில் படும். பீன்ஸ் எடுத்த நிலத்தில் மாற்றுப் பயிராக 1,000 முதல் 1,400 மீட்டர் உயரம் வரை சோயா வரும். பூம்பாறை, மன்னவனூர் உயரத்தில் வேண்டாம். இரவுக் குளிரில் பூ உதிர்ந்து காய்ப்பு கெடும், கந்தகத்தின் விளைவு எது குளிரின் விளைவு எது என்று பிரிக்கவும் முடியாது.

படிப்படியாக வெட்டிய நிலத்தில் பாத்தி போடும்போது ஒரு பொறி உண்டு. ஒவ்வொரு படியிலும் மலைப்பக்கத்து உள்ஓரம் வெட்டி எடுத்த இடம், அடிமண் வெளியே தெரியும். வெளிஓரம் கொட்டி நிரப்பிய இடம், மேல்மண் ஆழமாக இருக்கும். உள்ளிருந்து வெளியே பாத்திகளை அடுக்கினால் உரத்தைவிட மண்ணின் வித்தியாசம்தான் பெரிதாகத் தெரியும். எனவே படியின் நீளவாக்கில், ஓரத்திலிருந்து ஒரே தூரத்தில் நான்கு பாத்திகள். ஒரு படி ஒரு தொகுதி. நான்கு படிகள், மொத்தம் 16 பாத்திகள். எந்தப் பாத்திக்கு எந்த உரமுறை (நான்கும் கீழே 'உரக் கணக்கு' பகுதியில்) என்பதைச் சீட்டுக் குலுக்கிப் போட வேண்டும். மண்ணிலிருந்து செடி எடுக்கும் கந்தகம் சல்பேட் வடிவில்தான் இருக்கும், அது தண்ணீரோடு இறங்கும் சரக்கு. ஒவ்வொரு படியின் உள்ஓரத்திலும் ஒரு வடிகால் வாய்க்கால் இல்லாவிட்டால் மேல்படியில் கந்தகத்துக்காகப் போடும் ஜிப்சம் (கால்சியம் சல்பேட்) கீழ்படியின் கந்தகம் போடாத வெறும் பாத்தியில் வேலை செய்யும்.

காப்பித் தோட்டத்தை ஒட்டிய நிலமும் ஆகாது. காப்பிக்கு நோய்த் தடுப்பாக அடிக்கும் போர்டோ கலவையில் மயில்துத்தம் இருக்கிறது, அது காப்பர் சல்பேட். காற்றில் வரும் சாரலே கணக்கைக் கெடுக்கும். பக்கத்துப் பீன்ஸுக்குச் சாம்பல் நோய்க்கென்று நனையும் கந்தகத் தூள் அடித்தாலும் அதே கதைதான். முந்தின பயிருக்குக் கோழி எருவோ அம்மோனியம் சல்பேட்டோ கொட்டிய இடத்தையும் விட்டுவிடலாம்.

மண் சோதனை

0–15, 15–30, 30–45 செ.மீ. என்று மூன்று ஆழத்திலும் தனித்தனியாக மண் எடுக்க வேண்டும். மேல்மண்ணோடு நிறுத்தினால் மலைமண்ணில் ஏமாறுவோம். இந்தச் செம்மண்ணில் இரும்பு, அலுமினிய ஆக்சைடுகள் நிறைய. பி.எச். 6-க்குக் கீழே போகப்போக அவை சல்பேட்டைப் பிடித்து வைத்துக்கொள்ளும், அதிலும் அடிமண்ணில் கூடுதலாக. விளைவு, மேல்மண் சீட்டில் பற்றாக்குறை என்று வரும். செடியும் முதல் மாதம் வெளுத்து நிற்கும். வேர் 30 செ.மீ. தாண்டியதும் பச்சை திரும்பிவிடும். உரம் வேலை செய்தது என்று அப்போது நினைத்தால் தப்பு, வெறும் பாத்தியும் சேர்ந்தே பச்சையாகியிருக்கும்.

1959-இல் வில்லியம்ஸும் ஸ்டெய்ன்பெர்க்ஸும் கொடுத்த 0.15 சதவீதக் கால்சியம் குளோரைடு கரைசல்தான் நம் ஆய்வகங்களில் வழக்கம். அதில் 10 பிபிஎம்முக்குக் கீழே என்றால் பற்றாக்குறை என்று கொள்வார்கள். ஆனால் ஆக்சைடு பிடித்து வைத்த சல்பேட்டை இந்தக் கரைசல் முழுதாக விடுவிக்காது. லிட்டருக்கு 500 மி.கி. பாஸ்பரஸ் உள்ள மோனோ கால்சியம் பாஸ்பேட் கரைசல் விடுவிக்கும், பாஸ்பேட் உள்ளே புகுந்து சல்பேட்டைத் தள்ளிவிடுவதால். ஒரே மண்ணை இரண்டிலும் கரைத்துப் பார்த்தால் கிடைக்கும் வித்தியாசமே மண் எவ்வளவு பிடித்து வைத்திருக்கிறது என்பதற்கு அளவு.

கரைந்து வந்த சல்பேட்டை அளக்க, பேரியம் குளோரைடு போட்டுக் கலங்கலை 420 நானோமீட்டரில் படிக்கும்போது மலைமண்ணின் மக்கு தொந்தரவு தரும். கரைசலே மஞ்சளாக இருக்கும், கருவி அதையும் கலங்கல் என்று எண்ணிக் கூட்டிச் சொல்லும். கரித்தூள் போட்டு நிறத்தை எடுக்கலாம், ஆனால் கரியிலேயே கந்தகம் இருப்பதுண்டு. மண் இல்லாமல் கரி மட்டும் போட்ட ஒரு வெற்றுச் சோதனை கட்டாயம் ஓட வேண்டும். பேரியம் குளோரைடு படிகத்தின் பருமன், ஆட்டும் நேரம், படிக்கும் நேரம் மூன்றும் எல்லா மாதிரிக்கும் ஒன்றாக இருக்க வேண்டும். காலையில் பத்து, மத்தியானம் பத்து என்று பிரித்துப் படித்தால் வரும் எண்களை ஒப்பிட முடியாது.

உரக் கணக்கு

பாத்தி 4 மீட்டருக்கு 3 மீட்டர், 12 சதுர மீட்டர். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் சோயாப் பரிந்துரை எக்டருக்கு 20:80:40 கிலோ தழை, மணி, சாம்பல் சத்தும், 40 கிலோ கந்தகமும். கந்தகத்தை 220 கிலோ ஜிப்சமாகப் போடச் சொல்கிறது. 220 கிலோவில் 40 கிலோ கந்தகம் வேண்டுமென்றால் ஜிப்சம் ஏறக்குறைய சுத்தமாக இருக்க வேண்டும். கடையில் கிடைப்பது பெரும்பாலும் 13 முதல் 15 சதவீதம்தான். மூட்டையில் எழுதியிருப்பதைப் பார்த்துக் கணக்குப் போடுவதே சரி. பாத்திக்கு வேண்டியது 48 கிராம் கந்தகம், 15 சதவீத ஜிப்சமானால் 320 கிராம்.

நான்கு பாத்திகளுக்கும் பெயர்: அ – கந்தகம் இல்லை. ஆ – 320 கிராம் ஜிப்சம் விதைப்பில். இ – 160 விதைப்பில், 160 முதல் பூவில். ஈ – கந்தகம் இல்லை, காய் நிரம்பும்போது 52 கிராம் யூரியா, அதாவது எக்டருக்கு 20 கிலோ தழைச்சத்து.

ஈ எதற்கு? தழைச்சத்து கூடி, கந்தகம் கூடாமல் நின்றால் பீட்டா அலகு இன்னும் ஏறும். மொத்தப் புரதம் கொஞ்சம் கூடித் தெரியலாம், தரம் இறங்கும். புரத சதவீதத்தை மட்டும் பார்ப்பவர் இந்தப் பாத்திக்கே முதல் பரிசு கொடுப்பார்.

அதிகம் பேர் சறுக்குவது மணிச்சத்தில். சூப்பர் பாஸ்பேட்டில் 16 சதவீத மணிச்சத்தோடு 11 சதவீதக் கந்தகமும் இருக்கிறது. 80 கிலோ மணிச்சத்துக்கு 500 கிலோ சூப்பர் போட்டால் கூடவே 55 கிலோ கந்தகம் போய்விடும். அப்புறம் 'கந்தகம் இல்லாத' பாத்தி என்று ஒன்று இல்லவே இல்லை. இதைத் திருப்பிப் பார்த்தால் விவசாயிக்கு ஒரு சேதி: சூப்பர் போடுகிறவருக்குத் தனி ஜிப்சம் தேவைப்படாமலே போகலாம். டிஏபியும் 17:17:17 காம்ப்ளெக்ஸுமாகப் போட்டுவருகிற நிலத்தில்தான் கந்தகம் வருஷாவருஷம் கரைகிறது. 20:20:0:13 மூட்டையின் கடைசி எண்ணும் கந்தகம்தான், பலர் அதைக் கவனிப்பதில்லை.

சோதனைக்கு டிஏபி பாத்திக்கு 209 கிராம். 96 கிராம் மணிச்சத்து கிடைக்கும், தழைச்சத்து 38 கிராம் வந்து சேரும். எக்டருக்கு 20 என்பது 31 ஆகிறது. எல்லாப் பாத்திக்கும் ஒரே அளவு என்பதால் ஒப்பீடு கெடாது, வேர் முடிச்சு மட்டும் சில நாள் தாமதமாகும். சாம்பல் சத்துக்குச் சாதாரணப் பொட்டாஷ் 80 கிராம். சல்பேட் ஆஃப் பொட்டாஷ் கூடாது, காரணம் பெயரிலேயே இருக்கிறது.

ஜிப்சம் கால்சியத்தையும் கொண்டுவருகிறது. புளித்த மலைமண்ணில் கால்சியமே செடியைத் தேற்றிவிடும், பெருமை கந்தகத்துக்குப் போகும். 48 கிராம் கந்தகத்தோடு வருவது 60 கிராம் கால்சியம். அதற்கு ஈடாக அ, ஈ பாத்திகளுக்கு 150 கிராம் சுத்தமான சுண்ணாம்புக்கல் தூள் விதைப்பில். இ பாத்திக்கு இரண்டாம் தவணை ஜிப்சமே மீதிக் கால்சியத்தைக் கொடுத்துவிடும். பி.எச். 5.5-க்குக் கீழே இருந்தால் எல்லாப் பாத்திக்கும் பொதுவாக ஒரு மாதம் முன்பே சுண்ணாம்பு போட வேண்டும், அளவு மண் சீட்டின்படி. ஜிப்சம் போட்டால் சுண்ணாம்பு போட்ட மாதிரி என்ற நம்பிக்கை மலையில் பரவலாக இருக்கிறது. ஜிப்சம் புளிப்பை மாற்றாது. தனிக் கந்தகத் தூளோ புளிப்பைக் கூட்டும், ஒரு கிலோவுக்கு மூன்று கிலோவுக்கு மேல் சுண்ணாம்பு ஈடாக வேண்டும். தவிர, அதைச் சல்பேட்டாக்கும் நுண்ணுயிர் குளிரில் மெதுவாகத்தான் வேலை பார்க்கும். விதை நிரம்பும் நாளுக்கு வந்து சேராது.

விதைப்பும் நடுப்பருவமும்

ஆனியில் விதைத்தால் புரட்டாசிக் கடைசிக்குள் எடுத்துவிடலாம். ஐப்பசி மழையில் காய் நனைந்தால் விதை செடியிலேயே முளைவிடும். கோ (சோயா) 3 கீழே 90 நாளுக்குள் முடியும், மலையில் அதற்கு மேலும் இழுக்கும். இடைவெளி 30க்கு 10 செ.மீ., 10 வரிசை. சோயாவுக்கான பிராடிரைசோபியத்தைத்தான் விதையில் தடவ வேண்டும். பீன்ஸுக்கு வாங்கிய பொட்டலம் உதவாது, இனமே வேறு. சோயா ஒருபோதும் விளையாத மண்ணில் இந்தப் பாக்டீரியா இருக்காது. ரைசோபியம் ஏறாத செடி தழைச்சத்துப் பஞ்சத்தில் வெளுக்கும், அதைக் கந்தகக் குறை என்று எழுதி வைத்துவிடுவோம்.

35-ஆம் நாள் வாக்கில் பாத்திக்கு ஐந்து செடி தோண்டி முடிச்சை வெட்டிப் பாருங்கள். உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தால் வேலை நடக்கிறது. பச்சையோ வெள்ளையோ என்றால் இல்லை. புளித்த மண்ணில் மாலிப்டினம் கிடைப்பது குறைவு, சல்பேட் வேறு அதோடு வேரில் போட்டி போடும். எனவே ஜிப்சம் போட்ட பாத்தியில் முடிச்சு வெளிறியிருந்தால் ஜிப்சத்தைக் கூட்டுவது தப்பு. விதைப்பின்போதே கிலோ விதைக்கு ஒரு கிராம் அம்மோனியம் மாலிப்டேட் சேர்த்திருந்தால் இந்தச் சிக்கல் வராது.

அறிகுறி பார்ப்பதில் ஒரே விதி. தழைச்சத்துக் குறை கீழ் இலையில் தொடங்கும், கந்தகக் குறை மேலே, புது இலையில் தொடங்கும். பழைய இலையின் கந்தகம் எளிதில் கழன்று மேலே போகாது. விதை நிரம்பும்போதும் இதே கதைதான். தழைச்சத்தை இலையிலிருந்து உருவி விதைக்கு அனுப்பிவிடும் செடி, கந்தகத்தில் பெரும்பங்கை அந்த நேரத்தில் வேரிலிருந்தே எடுக்க வேண்டியிருக்கும். மழை கூடிய ஆண்டில் விதைப்பில் போட்ட ஜிப்சத்தின் சல்பேட் அதற்குள் கரைந்து இறங்கிவிடலாம். இ பாத்தியை வைத்தது அதனால்தான்.

முதல் பூவில், மேலிருந்து முழுதாக விரிந்த முதல் மூவிலையைக் காம்பில்லாமல் பாத்திக்கு 30 வீதம் எடுத்து, கழுவி, 65 டிகிரியில் உலர்த்திக் கந்தகம் பார்க்க வேண்டும். 0.20 சதவீதத்துக்குக் கீழே என்றால் பற்றாக்குறை. அ பாத்தியிலேயே 0.25-க்கு மேல் வந்தால் விதையில் பெரிய வித்தியாசத்தை எதிர்பார்க்க வேண்டாம். மண்ணில் போதிய கந்தகம் இருக்கிறது, சோதனைக்கு வேறு நிலம் தேட வேண்டியதுதான்.

சூரிய மின்வேலி இல்லாமல் இதையெல்லாம் தொடங்குவதில் அர்த்தமில்லை. காட்டுமாடு தொகுதி, பாத்தி எல்லாம் பார்த்து மேயாது.

அறுவடையும் மாதிரியும்

ஓர வரிசை இரண்டிரண்டையும், வரிசை முனையில் அரை மீட்டரையும் விட்டு நடுச் செடிகளை முழுதாகப் பிடுங்க வேண்டும். கைக்கு எட்டிய காயை மட்டும் பறித்து மாதிரி என்று அனுப்பக் கூடாது. ஒரே செடியில் மேல் கணுக் காயின் விதையில் புரதம் கூடுதல், கீழ்க் கணுவில் குறைவு. ஒரு பாத்தியில் மேலேயும் இன்னொன்றில் கீழேயும் பறித்தால் அந்த வித்தியாசமே உரத்தின் வித்தியாசத்தை மூடிவிடும். 12 சதவீத ஈரத்துக்கு உலர்த்தி, கலந்து, நாலாகப் பிரித்து எதிரெதிர் பங்கைச் சேர்த்து அரை கிலோ மாதிரி எடுக்கலாம்.

ஆய்வகத்தில்

முதலில் மலிவான எண்: விதையின் தழைச்சத்தையும் கந்தகத்தையும் அளந்து ஒன்றை மற்றதால் வகுப்பது. புரதம் 40 சதவீதமானால் தழைச்சத்து 6.4. கந்தகம் 0.32 என்றால் விகிதம் 20, 0.40 என்றால் 16. விகிதம் இறங்கினால் புரதத்தில் கந்தகம் கூடியிருக்கிறது என்று பொதுவாகக் கொள்ளலாம். அளவுக்கு மேல் ஜிப்சம் போட்ட பாத்தியில் கொஞ்சம் கந்தகம் சல்பேட்டாகவே விதையில் தங்கும், அதனால் இந்த எண்ணை மட்டும் நம்பித் தீர்ப்பு எழுதக் கூடாது. மாதிரியை வெறுமனே சாம்பலாக்கினால் கந்தகம் வாயுவாகப் பறந்துவிடும். அமிலத்தில் கரைத்துத்தான் அளக்க வேண்டும். பெர்குளோரிக் அமிலம் கொழுப்பான சோயா மாவோடு வெடிக்கும் ஆபத்து உண்டு. முதலில் நைட்ரிக் அமிலத்தில் கரைந்து தணிய வேண்டும், அதற்கென்ற புகைப்பெட்டி இல்லாத இடத்தில் இதைத் தொடவே கூடாது.

அமினோ அமில ஆய்வுக்கு அனுப்பும்போது ஒரு வாக்கியம் எழுதிக் கொடுங்கள்: "பெர்பார்மிக் அமிலத்தில் ஆக்சிஜனேற்றம் செய்த பிறகு நீராற்பகுப்பு." வழக்கமான முறையில், 6 நார்மல் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் 110 டிகிரியில் 24 மணி நேரம் வைத்தால், சிஸ்டீன் அழியும், மெத்தியோனைனும் ஓரளவு போகும். தேடி வந்த இரண்டையும் தொலைத்துவிட்டு மற்றதெல்லாம் அழகாக அச்சான சீட்டு கைக்கு வரும். காசும் போய்விட்டிருக்கும்.

நேரடியாகப் பார்க்க எஸ்டிஎஸ் ஜெல், அதாவது மின்சாரம் பாய்ச்சிப் புரதங்களை எடைவாரியாகப் பட்டைகளாகப் பிரிக்கும் முறை. கொழுப்பு நீக்கிய மாவு 10 மி.கி., மெர்காப்டோ எத்தனால் சேர்ந்த மாதிரிக் கரைசல் 1 மி.லி., ஐந்து நிமிடக் கொதி, சுழற்சி, 12 சதவீத ஜெல். மேலே 7எஸ்ஸின் ஆல்பா இரண்டும் 70 கிலோடால்டன் (புரத மூலக்கூறின் எடை அலகு) சுற்றிலும், பீட்டா 50-ஐ ஒட்டியும் நிற்கும். 11எஸ் உடைந்து 40-க்குக் கொஞ்சம் கீழே ஒரு பட்டையும் 20-இல் ஒன்றுமாகத் தெரியும். அ, ஈ பாத்திகளில் 50-இன் பட்டை தடித்திருக்கிறதா என்பதுதான் கேள்வி. எல்லாக் குழியிலும் ஏற்றும் புரதம் ஒரே அளவாக இல்லாவிட்டால் இந்த ஒப்பீடே செல்லாது. 20-இன் பட்டையை வைத்து முடிவு சொல்ல வேண்டாம், கூனிட்ஸ் டிரிப்சின் தடுப்பானும் (புரதம் செரிப்பதைத் தடுக்கும் ஒரு விதைப் புரதம்) அங்கேயேதான் ஓடும்.

தடுப்பான் என்றதும் ஒரு குறுக்குச் சேதி. பௌமன்-பிர்க் என்ற இன்னொரு தடுப்பானில் 71 அமினோ அமிலங்களில் 14 சிஸ்டீன். கந்தகம் கிடைத்தால் இதுவும் கூடும். அதாவது சீட்டில் ஏறிய சிஸ்டீனில் ஒரு பங்கு, நன்றாக வேகாவிட்டால் செரிமானத்தைக் கெடுக்கும் புரதத்தில் உட்கார்ந்திருக்கும். வேகவைத்த சோயாவில்தான் தரம் என்பது 1917-இல் ஆஸ்பார்னும் மெண்டலும் காட்டிய பழைய பாடம். தாண்டிக்குடி உயரத்தில் தண்ணீர் 96 டிகிரி வாக்கிலேயே கொதித்துவிடும், கொடைக்கானலில் 93. திறந்த பாத்திரத்தில் 20 நிமிடத்துக்குக் குறையக் கூடாது, குக்கர் இன்னும் நல்லது.

அடுப்படிச் சோதனை

ஜெல் ஓட்ட வழியில்லாதவர்களுக்குச் சோயா பன்னீர் ஒரு மறைமுக அளவுகோல். 11எஸ் கூடினால் கட்டி கெட்டியாகும், 7எஸ் கூடினால் தளதளவென்று நிற்கும். பாத்திக்கு 200 கிராம் விதை. மலைக் குளிரில் 12 முதல் 14 மணி நேரம் ஊற வேண்டும், கீழ்நாட்டுக் கணக்கில் 8 மணி நேரத்தில் எடுத்தால் நடுவில் வெள்ளைப் பருப்பு ஊறாமல் நிற்கும். ஊறவைத்த தண்ணீரைக் கொட்டிவிட்டு 1.4 லிட்டர் புதுத் தண்ணீரில் அரைத்து, வடிகட்டி, கொதிக்கவிட வேண்டும். பிறகு பிரிக்ஸ் மானியில் (கரைந்த பொருளின் அடர்த்தி காட்டும் கருவி) எல்லாப் பாலும் ஒரே எண் காட்டும்வரை தண்ணீர் சேர்த்துச் சமப்படுத்த வேண்டும். இதை விட்டால் கெட்டிப் பாலின் கட்டி கெட்டியாகத்தான் இருக்கும், புரத வகையைப் பற்றி ஒன்றும் சொல்லாது. 78 டிகிரிக்கு ஆறியதும் லிட்டருக்கு 3 கிராம் உணவுத் தரக் கால்சியம் சல்பேட்டைக் கொஞ்சம் தண்ணீரில் கரைத்து ஊற்றி, இரண்டு சுற்றுக் கலக்கி, 20 நிமிடம் அசைக்காமல் வைக்கலாம். வயலுக்கு வாங்கிய ஜிப்சத்தில் கை வைக்காதீர்கள், அது உரத் தொழிற்சாலைக் கழிவாக இருக்கலாம்.

ஒரே அச்சு, ஒரே எடை, அரை மணி நேரம் அழுத்தம். ஆறிய கட்டியை ஒரே கனத்தில் வெட்டி, மேலே ஐந்து ரூபாய் நாணயம், அதன் மேல் தராசுப் படிகளை ஒவ்வொன்றாக அடுக்கி, நாணயம் உள்ளே இறங்கும் எடையைக் குறிக்க வேண்டும். பாத்திக்கு ஐந்து துண்டு. விதை பழசானாலும் கட்டி தளரும், ஆகவே 16 மாதிரியையும் அறுவடையான ஒரே மாதத்துக்குள் முடித்துவிடுங்கள். மூட்டைகளை அதுவரை அடுப்படிப் பரணில் வைக்காமல் உலர்ந்த, குளிர்ந்த அறையில் வைக்கலாம்.

அறுவடை முடிந்த கையோடு அதே மூன்று ஆழத்தில் மண் எடுத்துப் பாஸ்பேட் கரைசலில் சல்பேட் பார்க்க வேண்டும். ஆ பாத்தியில் போட்டது 30–45 செ.மீ.இல் தங்கியிருந்தால் அடுத்துப் போடும் பீன்ஸுக்கு ஜிப்சம் வேண்டாம்.